எந்தச் சிவப்பு?



பங்கு இல்லத்துக் கதவை மக்கள் தட்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டி வருவோர் உண்டு; நோயாளிக்கு நற்கருணை கேட்டு வருவோர் உண்டு; கணவன் மனைவி சண்டையைத் தீர்த்துவைக்கச் சொல்லி நள்ளிரவில் வருவோரும் உண்டு. ஆனால் சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து மழை மாலையொன்றில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நனைந்தபடி வந்து நின்று கேட்ட கேள்வியை என் குருத்துவ வாழ்வில் அதுவரை எவரும் கேட்டதில்லை.

"சாமி, எந்தச் சிவப்பு வாங்கணும்?"

அவன் கையில் ஒரு துணிப்பை. அதனுள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள். மேசைமீது வைத்துப் பிரித்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டிச் செய்த ரயில் பெட்டி. இருபத்தேழு சென்டிமீட்டர் நீளம். சன்னல்கள், கதவுகள், ஏறும் படிகள், கூரையில் காற்றுக் குமிழ்கள் எல்லாம் இருந்தன. வர்ணம் மட்டும் இல்லை. பக்கத்திலேயே இரும்புக் கதவுகளுக்கு அடிக்கும் சிவப்பு இனாமல் பெயின்ட் டப்பா ஒன்றும், கடைக்காரர் கொடுத்த தின்னர் போத்தல் ஒன்றும் இருந்தன. பெயின்ட் டப்பாவைத் திறந்து பார்த்தபோதே இது தாத்தா சொன்ன சிவப்பு இல்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டதாம். அதனால்தான் என்னிடம் வந்தான்.

நான் முதலில் செய்த காரியம், அந்தத் தின்னர் போத்தலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியதுதான். சிறுவன் திகைத்துப்போனான். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லவேண்டும்.

எங்கள் போடிநாயக்கனூருக்கு 1928-ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் தூரம் வரும் மீட்டர் கேஜ் பாதை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942-இல் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள்; நாடு விடுதலை பெற்றபின், 1950-களில் மீண்டும் பாதை போடப்பட்டது. மலையிலிருந்து இறங்கிய ஏலக்காயும் காப்பியும், மலைக்கு ஏறிய அரிசியும் மக்களும் அதில் பயணம் செய்தார்கள். 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு அந்தச் சிறிய ரயில் நின்றுபோயிற்று. அகலப் பாதையாக மாற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022 மே மாதத்தில் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15 அன்று போடி வரைக்கும் மீண்டும் ரயில் வந்தது.

சிறுவனின் தாத்தா அந்தப் பழைய பாதையில் கேங்மேனாக வேலை பார்த்தவர். தோளில் சுத்தியலோடும் சாவியோடும் ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் தண்டவாளத்தின் ஓரமாகவே தம் இளமை முழுவதையும் நடந்து கழித்தவர். ரயில் நின்றுபோன அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் முள்மரம் மண்டிய ஸ்டேஷன் மேடைக்கு மாலைதோறும் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அகலப் பாதையில் முதல் ரயில் வந்த அன்று அவரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் இரு கண்களிலும் புரை முற்றிவிட்டது. கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டார், ரயிலின் ஓசையைக் கேட்டார், வீடு திரும்பியதும், "வண்டி வந்திருச்சு. ஆனா என் வண்டி இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சைக்கு எத்தனையோ பேர் அழைத்தும் வரவில்லை. "பார்க்கிறதுக்கு இனி என்ன இருக்கு?" என்பதே அவர் பதில்.

பேரன் தந்தையை இழந்தவன். அவன் தாய், போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கி ஒன்றில் வேலை செய்கிறாள். தாத்தாவின் கையில் கொடுப்பதற்காகவே அவன் அந்தப் பெட்டியைச் செய்தான். உண்மையான மீட்டர் கேஜ் பெட்டியின் நீளம் ஏறத்தாழ பத்தொன்பதரை மீட்டர். அதை எழுபத்திரண்டால் வகுத்தால் இருபத்தேழு சென்டிமீட்டர். தண்டவாள இடைவெளியாகிய 1,000 மில்லிமீட்டர் இந்த அளவில் பதினான்கு மில்லிமீட்டர் ஆகிறது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இவற்றையெல்லாம் போட்டு வைத்திருந்தான். கணக்குப் பாடத்தில் அவன் தேறவில்லை என்று அவன் தாய் அழுது ஒரு மாதம்கூட ஆகவில்லை!

இனி என் கதை. 1982-இல் எனக்குப் பதின்மூன்று வயது. சிங்கப்பூரிலிருந்து வந்த எங்கள் மாமா ஒரு சிறிய அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். ஏர்ஃபிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் விமானம். துண்டு துண்டாகப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. ஒட்டிச் சேர்த்தால் கையளவு விமானம். எனக்கும் என் தம்பிக்கும் பொதுவாகக் கொடுத்தார். இருவரும் பத்து நாட்கள் உட்கார்ந்து ஒட்டினோம். எந்தப் பகுதிக்கு எந்த எண்ணுள்ள வர்ணம் என்று கூடவே ஒரு தாள் இருந்தது. அந்த எண்ணுள்ள வர்ணங்கள் ஹம்ரோல் என்ற பெயரில் 14 மில்லிலிட்டர் அளவுள்ள குட்டி டப்பாக்களில் இங்கிலாந்தில் கிடைக்குமாம். போடியில் எங்கே கிடைக்கும்? கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை இனாமல் வீட்டில் இருந்தது. கெட்டியாக இருந்ததால் தச்சுப் பட்டறையிலிருந்து தின்னர் வாங்கிவந்து, தம்பி பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், யாருக்கும் தெரியாமல் நானே கலந்து அடித்தேன். அவன் வருவதற்குள் முடித்து, 'நான் செய்தேன்' என்று காட்டவேண்டும் என்ற ஆசை.

அரைமணி நேரத்தில் இறக்கை நெளிந்தது. மேற்பரப்பு பாகுபோலக் குழைந்து சுருங்கிற்று. விமானி உட்காரும் கண்ணாடி மூடி பால்போல வெளுத்து உள்ளே அமுங்கிப்போயிற்று. மாலையில் அப்பா கேட்டபோது, "தம்பி எடுத்து வெயிலில் வைத்துவிட்டான்" என்று சொன்னேன். அவனுக்கு ஒன்பது வயது. அப்பா பிரம்பை எடுத்தார். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தின்னர் போத்தலை ஏன் பூட்டினேன் என்று சிறுவன் கேட்டபோது இந்தக் கதையை அவனிடம் சொன்னேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வேறு எவரிடமும் கதையாகச் சொன்னதில்லை. அவன் கேட்டுவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்:

"உங்க தம்பிகிட்ட இதைச் சொல்லிட்டீங்களா, சாமி?"

"மழை விட்டுவிட்டது, வீட்டுக்குப் போ, நாளைக்கு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் முதல் எங்கள் ஆராய்ச்சி தொடங்கிற்று. நான் அறிந்ததையும், பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இத்தகைய விளையாட்டில் ஈடுபாடுள்ள பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

இந்த மாதிரிப் பொருள்களுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற வகை. அதற்குச் சில திரவங்களைக் கண்டால் தாங்கும் சக்தி இல்லை. தச்சர்களும் வாகனப் பட்டறைக்காரர்களும் பயன்படுத்தும் தின்னரில் டொலுவீன், அசிட்டோன் போன்றவை கலந்திருக்கும். அவை பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பிளாஸ்டிக்கை ஒட்டும் சிறப்புப் பசையும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு விளிம்புகளையும் மெல்லக் கரைத்து ஒன்றாக்குகிறது. ஒரு துளி விளிம்பில் பட்டால் இணைப்பு. உடல் முழுவதும் பூசினால் அழிவு. ஒரே பொருள் அளவாலும் இடத்தாலும் நன்மையாகவும் தீமையாகவும் ஆவது உலகில் எத்தனையோ காரியங்களில் நாம் காண்பதுதான்.

வர்ணங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, எண்ணெய் சார்ந்த இனாமல். இதைத் தின்னரில் அல்ல, டர்பன்டைனில் சிறிதளவு இளக்கி, மெல்லிய பூச்சாக அடித்தால் பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் கேடில்லை. நன்றாகப் பரவும்; தூரிகைத் தடம் தெரியாது; கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் காய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மணமும் தலையை வலிக்கச் செய்யும். இரண்டாவது, தண்ணீர் சார்ந்த அக்ரிலிக். சில நிமிடங்களில் காயும்; தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவலாம்; பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் விரைவாகக் காய்வதால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தடம் விழும். மூன்றாவது, லாக்கர். உடனே காயும், மிகக் கெட்டியானது, ஆனால் கடுமையான கரைப்பான் கொண்டது. பழகிய கைகளுக்கே உரியது. காற்றோட்டம் இல்லாத வீட்டுக்குள் அதை எடுக்கவே கூடாது.

பள்ளிக்கூடப் போஸ்டர் வர்ணம் உதவுமா என்று கேட்டான். உதவாது. அது தாளுக்கு உரியது. பிளாஸ்டிக்கில் காய்ந்ததும் விரல் பட்டால் உதிரும்.

ஒன்றின்மேல் ஒன்றாக வர்ணம் பூசுவதற்கும் முறை உண்டு. நன்கு காய்ந்த அக்ரிலிக்கின்மேல் இனாமல் பூசலாம். இனாமலின்மேல் லாக்கரைப் பூசினால் அடியில் உள்ளது சுருங்கிக் கொப்புளிக்கும். மென்மையானதன்மேல் கடுமையானதை ஏற்றக்கூடாது என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சிறுவனுக்கு அக்ரிலிக் என்று முடிவாயிற்று. இப்போது அவன் கேள்விக்கே வருவோம். எந்தச் சிவப்பு?

தாத்தாவைக் கேட்டபோது, "செங்கல் சிவப்பு, சூளையிலிருந்து எடுத்து ஒரு மழை பார்த்த செங்கல்" என்றார். ஆனால் சிறுவன் பார்த்த புகைப்படங்கள் சிலவற்றில் போடி ரயிலின் பெட்டிகள் நீலமாக இருந்தன. தாத்தாவுக்கு நினைவு தவறிவிட்டது என்று அவன் முடிவுகட்டிக்கொண்டிருந்தான். உண்மையில் இருவருமே சரி. நம் நாட்டு ரயில் பெட்டிகள் நெடுங்காலம் பழுப்புக் கலந்த சிவப்பாகவே இருந்தன. 1990-களில் தொடங்கிப் படிப்படியாக நீலத்துக்கு மாறின. பேரன் கண்ட நீலம் அந்தப் பாதையின் கடைசிக் காலம். தாத்தா சொன்ன சிவப்பு அவருடைய இளமைக் காலம். புகைப்படத்தைக் காட்டி முதியவரை மடக்கப் பார்ப்பவர்கள், அது எந்த ஆண்டுப் படம் என்றும் கேட்கவேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டான். அதுவும் ஒரு சிவப்பு!

வர்ணங்களுக்கு எண் கொடுத்து ஒழுங்குபடுத்தும் முறை பல நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் 1927-இல் தொடங்கிய ரால் அட்டவணை இன்று உலகெங்கும் பழக்கத்தில் உள்ளது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 5 என்ற இந்தியத் தர அட்டவணை உண்டு. அதில் 537 என்ற எண் சிக்னல் சிவப்பைக் குறிக்கும். சிறுவன் வாங்கி வந்திருந்த கதவுப் பெயின்ட் ஏறக்குறைய அத்தகைய பளீர்ச் சிவப்புதான். அபாயத்தைக் காட்ட ஏற்றது. ரயில் பெட்டிக்கு ஏற்றதன்று. அக்ரிலிக்கில் சிவப்பும் பழுப்பும் வெள்ளையும் வாங்கி நாங்களே கலப்பது என்று தீர்மானித்தோம். கலக்கும்போது துளிகளை எண்ணி நோட்டில் எழுதச் சொன்னேன். கண்ணளவில் கலந்த வர்ணம் பாதியில் தீர்ந்துபோனால், அதே நிறத்தை மறுபடி கொண்டுவருவது யாராலும் ஆகாது.

ஐந்து விதமாகக் கலந்து, ஐந்து பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் பூசி, இரவு எட்டு மணிக்கு டியூப் விளக்கின்கீழ் வரிசையாக வைத்துப் பார்த்தோம். மூன்றாவதுதான் சரி என்று எனக்கும் அவனுக்கும் ஒருமனதாகப் பட்டது. அப்போது மகனை அழைத்துப்போக வந்த தாய் வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"சாமி, ராத்திரி வெளிச்சத்துல கலரைத் தீர்மானிக்கக் கூடாது. காலையில வாசல்ல வச்சுப் பாருங்க."

அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிரித்தாள். ஏலக்காயின் விலை அதன் பருமனிலும் பச்சையிலும் இருக்கிறது என்பது போடியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பறித்த காயை நேர் வெயிலில் உலர்த்தினால் பச்சை வெளுத்துவிடும்; அதனால்தான் உலர்களத்து அறையில் மிதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். உலர்ந்தபின்னும் வெளிச்சமும் ஈரமும் படாமல் மூட்டையிட்டு வைக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளாக நாளெல்லாம் உட்கார்ந்து காய் பிரிக்கும் அந்தப் பெண்ணின் கண் பச்சைக்கும் பச்சைக்கும் உள்ள வேற்றுமையை அறியும். சந்தேகம் வந்தால் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பாளாம்.

மறுநாள் காலை திருப்பலிக்குப் பின், கோவில் வாசற்படியில் ஐந்து கரண்டிகளையும் அடுக்கினோம். இரவில் சரியாகத் தோன்றிய மூன்றாவது, பகலில் கத்தரிப்பூ நிறம் ஏறி நின்றது. தாய் நான்காவதை எடுத்து, "இதுல இன்னும் ஒரு சொட்டு வெள்ளை" என்றாள். எட்டுத் துளி சிவப்பு, மூன்று துளி பழுப்பு, இரண்டு துளி வெள்ளை. அதுதான் அந்த நிறம். இறையியல் கல்லூரியில் நான் கற்ற நூல்கள் எவற்றிலும் இல்லாத அறிவு அது. நம் பங்கு மக்களுள், எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று நாம் எண்ணுகிறவர்களிடம், இப்படி எத்தனை அறிவு கேட்பாரற்றுக் கிடக்கிறதோ!

வெள்ளைத் துளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதிரிப் பொருள்கள் செய்வதில் கைதேர்ந்தவர்கள் உண்மைப் பொருளின் நிறத்தை அப்படியே பூசமாட்டார்கள். சற்று வெளுக்க வைப்பார்கள். காரணம் அறிய நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. போடியின் கடைத்தெருவில் நின்று மேற்கே பார்த்தால் போதும். ஏலமலை நீலமாகத் தெரிகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டை அடைந்தால் அதே மலை கரும்பச்சையாக இருக்கிறது. இடையில் உள்ள காற்றும் ஒளியும் தூரத்துப் பொருளின் நிறத்தை இளக்குகின்றன. எழுபத்திரண்டில் ஒரு பங்கான பொருளை ஓரடி தூரத்திலிருந்து பார்ப்பது, உண்மைப் பொருளை எழுபத்திரண்டு அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். ஆகவே கறுப்புச் சக்கரத்துக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். அடர்ந்த சாம்பல் போதும். பளபளப்பும் வேண்டாம், பளபளத்தால் பொம்மையாகத் தோன்றும்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவைப் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். பழைய பெயின்டுகளில், குறிப்பாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு உபயோகப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்திய டப்பா என்றால் வேண்டவே வேண்டாம். எந்த வர்ணமாயினும் சன்னலைத் திறந்துவைத்து அடிக்கட்டும். தூரிகையின் நுனியை வாயில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கம் இருந்தால் கண்டியுங்கள்.

அதன் பின் மூன்று வாரம் வேலை நடந்தது. முதலில் பெட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினான். விரல்பட்ட எண்ணெய்ப்பசை இருந்தால் வர்ணம் ஒட்டாது. பின் சாம்பல் நிறத்தில் மெல்லிய அடிப்பூச்சு. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் தெரியாதிருந்த கீறல்களும் பசைத் திட்டுகளும் சாம்பல் பூசியதும் வெளியே தெரிந்தன. அவற்றைத் தேய்த்துச் சரிசெய்து மறுபடி பூசினான். அதன்மேல் சிவப்பு; ஒரே கெட்டிப் பூச்சாக அல்ல, நான்கு மெல்லிய பூச்சுகளாக. முதல் பூச்சு திட்டுத்திட்டாக இருந்தது. "அசிங்கமா இருக்கு, சாமி" என்று வருந்தினான். "முதல் பூச்சு அப்படித்தான் இருக்கும், காயவிடு" என்றேன். காயவிடுவதுதான் இந்தக் கலையில் மிகக் கடினமான பகுதி. இரண்டாம் நாள் பொறுமை இழந்து ஈரத்தின்மேல் பூசி, ஒரு பக்கம் உரிந்து, அதை மட்டும் மீண்டும் தேய்த்துத் தொடங்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

பெட்டி முடிந்தது. கூரைக்குச் சாம்பல், அடிப்பாகத்துக்குக் கறுப்பு கலந்த சாம்பல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தாத்தாவின் கைகளில் வைத்தான். முதியவர் முதலில் விரல்களால் தடவினார். படிகளை எண்ணினார். சன்னல் கம்பிகளைத் தொட்டார். பிறகு முகத்தருகே கொண்டுபோய் வெளிச்சத்தை நோக்கித் திரும்பினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நிறம் அழுக்கா இருக்கே, தம்பி. நம்ம வண்டி இப்படி இருக்காது."

பேரன் முகம் வாடிவிட்டது. அன்றிரவே எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு வேறு சிவப்பு பூசப்போகிறேன் என்று என்னிடம் வந்தான். அவன் தாய் தடுத்தாள். "நிறம் சரி. அப்பாவோட கண்ணுதான் மங்கல்" என்றாள். அவள் சொன்னது மருத்துவ உண்மை. புரை விழுந்த கண்ணின் வில்லை மஞ்சளும் பழுப்புமாக மாறுவதால், மனிதர் பழுப்புக் கண்ணாடி அணிந்தவர்போல் எல்லா நிறங்களையும் அழுக்காகவே காண்பார். மெல்ல மெல்ல வருவதால், குறை தம் கண்ணில் இருப்பதை அவர் அறியவும் மாட்டார்.

மறுநாள் நானே அந்த வீட்டுக்குப் போனேன். "தாத்தா, நிறம் சரியா இல்லையா என்று உங்களைத் தவிர எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்தவர் நீங்கள். கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்து ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றேன். பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றிருந்தவர் நெடுநேரம் யோசித்தார். பேரன் அப்பெட்டியை மடியில் வைத்தபடி அருகில் உட்கார்ந்திருந்தான். கடைசியில், "சரி சாமி, போவோம்" என்றார்.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1985 முதல் இயங்கி வருகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய பணியின் கிளை அது. அங்கே ஒரு கண்ணுக்கு அறுவை நடந்தது. கட்டு அவிழ்த்து, சில நாட்கள் கழித்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காலை வெளிச்சத்தில் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கினார். நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உதடுகள் நடுங்கின.

"சிவப்பு இதேதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா இவ்வளவு சுத்தமா ஆண்டிபட்டி தாண்டி வண்டி வந்ததா சரித்திரமே இல்லை. படியில புழுதி எங்கே?" என்று கேட்டார்.

அன்று மாலை தாத்தாவும் பேரனும் சேர்ந்து, இளமஞ்சளும் பழுப்பும் கலந்த நீர்த்த வர்ணத்தை எடுத்துப் படிகளிலும் சக்கரங்களிலும் புழுதி பூசினார்கள். எந்த இடத்தில் எவ்வளவு புழுதி படியும் என்று முதியவர் சொல்லச் சொல்ல, பேரன் தொட்டு வைத்தான். மற்றக் கண்ணுக்கும் அறுவை செய்துகொள்ள அவரே நாள் கேட்டு வைத்திருக்கிறார்.

என் அலமாரியில் பூட்டிய தின்னர் போத்தல் மட்டும் அப்படியே இருந்தது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் சிறுவனின் கேள்வி காதில் விழுந்தது. "உங்க தம்பிகிட்ட இதைச் சொல்லிட்டீங்களா, சாமி?" பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்றிருக்கிறேன், உண்மைதான். ஆனால் பிரம்படி வாங்கியவனிடம் சொல்லவில்லை. மற்றவர்களை, 'போய் உன் சகோதரனோடு சமாதானம் செய்துகொள்' என்று ஆண்டுதோறும் அனுப்பிக்கொண்டிருப்பவன் நான்.

தம்பி மலைமேல் இருக்கிறான், சிறிய ஏலத்தோட்டம். தை மாதத்தில் ஒரு நாள் பேருந்தேறிப் பதினேழு வளைவுகளையும் கடந்து போனேன். அவன் மனைவி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் சொன்னேன். விமானம் வெயிலில் உருகவில்லை, நான்தான் கெடுத்தேன், நான்தான் பொய் சொன்னேன், நீ அடிபட்டபோது பார்த்துக்கொண்டு நின்றேன் என்று, விட்டுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடி வாங்கினது எனக்கு ஞாபகமே இல்லைண்ணே" என்றான். "அந்தப் பிளேன்தான் ஞாபகம் இருக்கு. பத்து நாளு நீங்க என்னைப் பக்கத்துல உட்காரவச்சு ஒட்டினீங்க. அதுக்கப்புறம் என்கூட உட்காரவே இல்லை. ஏன்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு."

நான் இத்தனை ஆண்டுகளாகப் பிரம்படிக்காக வருந்திக்கொண்டிருந்தேன். குற்றவுணர்வால் அவனைவிட்டு நான் விலகியிருந்தது எனக்கே தெரியவில்லை. அவன் கணக்கில் இருந்தது அந்த விலகல்தான்.

திரும்பும்போது அவன் போடிமெட்டு வரைக்கும் உடன் வந்தான். கீழே போடி ஊர் சிறு மாதிரிப் பொருளைப்போலத் தெரிந்தது. பேருந்து வர நேரமாயிற்று. சாலையோரத் திண்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

வாசகர்களே, உங்கள் பிள்ளை ஏதேனும் ஒரு சிறு பொருளைச் செய்துகொண்டு வந்து, எந்தச் சிவப்பு என்று கேட்டால், படிப்பைப் பார் என்று விரட்டாதீர்கள். பகல் வெளிச்சம் வரும்வரை அவனோடு சற்று உட்காருங்கள்.